பம்பைத் திருகினால் பலம் கூடுமா?



கடை வாடகை, வரி, மின்கட்டணம், கூலி என்று மாதந்தோறும் நாம் பேசாத செலவு இல்லை. ஆனால் கடை வாசலில் நிற்கும் சரக்கு வண்டியைப் பற்றி நாம் பேசுவது குறைவு. சிறு மளிகை வியாபாரிக்குத் தவணை கட்டி முடித்த பழைய பிக்கப் வண்டி என்பது வெறும் வண்டி அல்ல. அது ஒரு முதல். மாதக் கடன் இல்லாமல் அது ஓடுகிற ஒவ்வொரு நாளும் லாப நாள். அந்த முதலைக் காப்பாற்றிக்கொள்வதா, கரைத்துவிடுவதா என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயது ஆனதும் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "வண்டி முன்னைப் போல இழுக்க மாட்டேங்குது." அதற்குப் பல பட்டறைகளில் கிடைக்கும் யோசனையும் ஒன்றுதான்: "பம்பைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுறலாமுங்க." அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய்க் கூலி. வண்டியும் மறுநாளே துள்ளிக்கொண்டு ஓடுவது போலத்தான் தெரியும். அதனால்தான் இந்த வைத்தியம் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது.

நாம் மேட்டுப்பாளையத்தில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்பவர்கள். நம்மிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் பலர் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கத்தவர்கள். மேலே அரிசியும் பருப்பும் ஏறும். கீழே உருளைக்கிழங்கும் கேரட்டும் இறங்கும். பழைய டீசல் வண்டி மலையில் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறோம். பார்த்ததையும், விவரம் அறிந்த பம்பு வேலைக்காரர்களிடம் கேட்டறிந்ததையும் வைத்து நாம் சொல்வது இதுதான்: பம்பைத் திருகி வாங்கும் இழுவை கந்துவட்டிக் கடன் போன்றது. கையில் காசு உடனே வரும். வட்டி பிறகு வரும். கடைசியில் முதலும் போகும்.

இழுவை எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் என்ஜினும் டீசல் என்ஜினும் ஒன்றல்ல. பழைய டீசல் என்ஜின், நாம் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொள்ளுமட்டும் காற்றை இழுத்துக்கொள்ளும். நம் கால் மாற்றுவது டீசலின் அளவை மட்டும்தான். காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2,523 சி.சி. அளவுள்ள டர்போ இல்லாத என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றினால், ஏட்டுக் கணக்குப்படி மூவாயிரம் லிட்டருக்குச் சற்று மேல் காற்று உள்ளே போகும். அதற்குமேல் போக வழியில்லை. அந்தக் காற்றுக்கு எவ்வளவு டீசல் தகும் என்று பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் பம்பில் உச்ச அளவை வைத்து, திருகாணிக்கு ஈய முத்திரையும் குத்தி அனுப்பினார்கள். முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டினால் காற்று கூடாது. ஓரளவுக்கு இழுவை கூடும், மறுப்பதற்கில்லை. அதற்கு மேற்பட்ட டீசல் பாதி வெந்த சோறு போலக் கரும்புகையாக வெளியே போகும். அதோடு என்ஜினுக்குள் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியவை பிஸ்டனும், வால்வும், ஹெட் கேஸ்கெட்டும்.

மலை ஏறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்தது. டர்போ இல்லாத என்ஜின் அங்கே தன் பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். இது வண்டியின் கோளாறு அல்ல, இயற்கை. காற்று குறையும் இடத்தில் டீசலையும் குறைக்க வேண்டும் என்பதுதான் முறை. நாம் செய்வதோ நேர் எதிர்: மலையில் இழுக்கவில்லை என்பதற்காகவே டீசலைக் கூட்டுகிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகும் வண்டி கரும்புகை கக்குவதைப் பார்க்கிறோமே, அது முதலாளியின் பணம் எரியாமல் காற்றில் போவது.

வட்டிக் கணக்கு

லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி, பம்பு ஏற்றிய பின் ஒன்பது கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டம். முன்பு 250 லிட்டர்; இப்போது ஏறத்தாழ 278 லிட்டர். டீசல் 90 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 2,500 ரூபாய், ஆண்டுக்கு 30,000 ரூபாய் கூடுதல். மளிகைக் கடையில் 30,000 ரூபாய் நிகர லாபம் எடுக்க எவ்வளவு அரிசி விற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

இது வட்டி மட்டுமே. நமக்குத் தெரிந்த மலைக்கடைக்காரர் ஒருவர் பம்பு ஏற்றிய மூன்றாம் மாதம், தீபாவளிச் சரக்கு ஏற்றிப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்திருக்கிறது. பண்டிகை வாரம் முழுவதும் வண்டி பட்டறையில். வாடகை வண்டி பிடித்துச் சரக்கு ஏற்றினார். என்ஜின் செலவு ஒரு பக்கம். பண்டிகை வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போனது இன்னொரு பக்கம். பழகிய வாடிக்கையாளர் ஒருமுறை அடுத்த கடைப் படி ஏறிவிட்டால் திரும்ப அழைப்பது எளிதல்ல.

டர்போ பொருத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. டர்போ கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவதால் அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கம்பெனியிலேயே டர்போவோடு வரும் என்ஜினுக்கு அதற்கேற்ற பிஸ்டன், பம்பு, ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே அமைந்திருக்கும். பழைய என்ஜினில் டர்போவை மட்டும் மாட்டுவது, ஓட்டு வீட்டுச் சுவரின் மேல் இரண்டு மாடி எழுப்புவது போல. மலை ஓட்டமே பிழைப்பு என்றால் பழையதை நல்ல நிலையில் விற்றுவிட்டு, டர்போ உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவதே லாபம்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத வகையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வேறு என்ஜின் இறக்குகிறவர்களும், டர்போ மாட்டுகிறவர்களும் இதை மறக்கக் கூடாது.

பம்பைத் திருகியது யாருக்குத் தெரியும் என்று நினைக்கலாம். புகை காட்டிக்கொடுத்துவிடும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எப்.சி.க்குப் போக வேண்டும். பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிஜ் அலகைத் தாண்டக் கூடாது. எப்.சி.க்கு முதல் நாள் பம்பை இறக்கி, மறுநாள் ஏற்றுகிற வழக்கமும் இருக்கிறது. இரண்டு முறை கூலி கொடுத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் வேலை இது. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. பழைய வண்டியை வைத்திருப்பதே செலவாகிவிட்ட காலத்தில் அதை நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

தொலைந்த பலத்தைத் தேடுங்கள்

புதிதாக வந்தபோது அந்த வண்டி இழுத்தது. அதே என்ஜின், அதே பம்பு. அப்படியானால் பலம் எங்கோ தொலைந்திருக்கிறது. இல்லாத பலத்தைக் கூட்டுவதற்கு முன் தொலைந்ததைத் தேடுவதுதான் வியாபாரிக்கு அழகு. கல்லாவில் பணம் குறைந்தால் உடனே கடன் வாங்குவோமா, கணக்கைப் பார்ப்போமா?

முதலில் புகையைப் பாருங்கள். இழுவை இல்லை, கரும்புகையும் இருக்கிறது என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டைமிங், கம்ப்ரஷன், நாசில் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று, ஆக்சிலேட்டர் இணைப்பு. பெடலை அடிவரை மிதித்தாலும் பம்பின் லீவர் கடைசி வரை போகாத வண்டிகள் எத்தனையோ. ஒருவர் மிதிக்க ஒருவர் பார்த்தால் போதும். செலவு எதுவும் இல்லை.

இரண்டு, ஏர் பில்டர். நம் மண்டித் தூசியிலும் தவிட்டுத் தூசியிலும் நிற்கும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. மூக்கை அடைத்துக்கொண்டு மூட்டை தூக்கச் சொன்னால் யாரால் முடியும்?

மூன்று, டீசல் பாதை. டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரும் கசடும், அடைத்த டீசல் பில்டர், பீட் பம்பின் சல்லடை, காற்று இழுக்கும் வாஷர்கள்.

நான்கு, உருளத் தடையாக இருப்பவை. பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், காற்றுக் குறைந்த டயர், நழுவும் கிளட்ச் பிளேட், அடைத்துப்போன சைலன்ஸர். லோடு தாங்கட்டும் என்று அளவில் பெரிய டயர் மாட்டியிருந்தால் அதுவே இழுவையைத் தின்றுவிடும். சக்கரம் பெரிதானால் கியர் விகிதம் மாறிப்போகிறது.

ஐந்து, டாப்பெட் இடைவெளி, நாசில் சோதனை, பம்பு டைமிங். நாசிலைக் கழற்றி எந்திரத்தில் வைத்துத் தூவலையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பம்பைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், சோதனை மேடை உள்ள பம்பு சர்வீஸில் கொடுத்து, கம்பெனி அட்டவணைப்படி அளவு வைத்து, முத்திரை போட்டு வாங்குங்கள். வருடக்கணக்கில் தேய்ந்த பம்பு, வைத்த அளவுக்குக் குறைவாகவும் தரலாம். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது சரி. அதைத் தாண்டிப் போவதுதான் தவறு.

ஆறு, கம்ப்ரஷன் சோதனை. ரிங், லைனர், வால்வு தேய்ந்து அழுத்தம் போன என்ஜினுக்கு எத்தனை டீசல் ஊற்றினாலும் பலம் வராது. அதற்கு மருந்து முறையான என்ஜின் வேலைதான். செலவுதான், ஆனால் அது முதலீட்டுச் செலவு, அபராதச் செலவு அல்ல.

ஓட்டும் முறையும் உண்டு. மேட்டில் வண்டி திணறிய பிறகு கியர் மாற்றுவதைவிட, வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கி, என்ஜின் தாராளமாகச் சுற்றும்படி ஏறினால் அதே என்ஜின் நன்றாக இழுக்கும். இதற்குக் கூலியே கிடையாது.

குறை வண்டியிலா, லோடிலா?

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயமாகாது. வண்டியை அவரிடம் போகவைத்தது எது? வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்த எடை 2,750 கிலோ, வெற்று எடை 1,500 கிலோ என்றிருந்தால் ஏற்றத் தகுந்தது 1,250 கிலோ. டிரைவரும் கூட வருகிறவரும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

இனி ஒரு சாதாரண மளிகைப் பட்டியலைப் பார்ப்போம். 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 2022 சூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பம்தான் அதிகம் வருகிறது. 20 சிப்பம் அரிசி 520 கிலோ. சர்க்கரை 50 கிலோ மூட்டை ஐந்து, 250. துவரம் பருப்பு 50 கிலோ மூட்டை நான்கு, 200. 15 கிலோ எண்ணெய் டின் இருபது, 300. உப்பு 25 கிலோ மூட்டை ஆறு, 150. ஆக 1,420 கிலோ. இரண்டு ஆள் 130 கிலோ. மொத்தம் 1,550. சோப்பும் பிஸ்கட்டும் இன்னும் ஏறவே இல்லை. அதற்குள் 300 கிலோ கூடிவிட்டது. கண்ணுக்கு இது பெரிய லோடாகவே தெரியாது. பின் கதவு கூடச் சாத்திவிடலாம். வண்டிக்குத்தான் தெரியும்.

194-ஆம் பிரிவின்படி அதிக எடைக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் மேலும் உண்டு. ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் அனுமதிப்பவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். கட்ட முடியாதது ஒன்று இருக்கிறது. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். பம்பைத் திருகுவதால் ஏறும்போது இழுவை கூடலாம். இறங்கும்போது பிரேக் கூடுவதில்லை. கிழங்கு மூட்டைகளோடு இறங்கும் வண்டியின் மொத்த எடை கூடும் அளவுக்குப் பிரேக்கில் பிறக்கும் சூடும் கூடும். சூடு மிஞ்சினால் பெடலை மிதித்தாலும் பிடி இருக்காது. வண்டிக்குள் இருப்பவர் நம் தம்பியாகவோ, மகனாகவோ, பத்து வருடமாக நம்மை நம்பி வேலை பார்க்கும் டிரைவராகவோ இருப்பார். ஏற்றத்துக்குக் கணக்குப் பார்க்கிற நாம் இறக்கத்துக்கும் பார்க்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

"லோடைக் குறைத்தால் இரண்டு நடை ஆகுமே, டீசலை யார் தருவது?" என்று சிறு வியாபாரி கேட்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மொத்த வியாபாரிகளான நாமே. "இன்றே ஐம்பது சிப்பம் எடுத்தால் இந்த விலை" என்று நாம் சொல்லும்போதுதான் அவர் வண்டியை அமுக்கி ஏற்றுகிறார். மூன்று யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, மொத்தக் கடைகளின் பில்லில் தொகைக்குக் கீழே சரக்கின் மொத்த எடையும் அச்சாக வேண்டும். கம்ப்யூட்டர் பில்லில் ஒரு வரி கூட்டுவது பெரிய காரியம் இல்லை. எடை கண்ணில் பட்டால் கை தானே நிற்கும்.

இரண்டாவது, சலுகை விலையில் எடுத்த சரக்கைப் பத்து நாளுக்குள் இரண்டு நடையாக எடுத்துக்கொள்ள மொத்த வியாபாரிகள் இடம் தர வேண்டும். நமது கடையில் இதைத் தொடங்கிவிட்டோம். கிடங்கில் கொஞ்சம் இடம் அடைகிறது, அவ்வளவுதான். ஒரே ஊர்க் கடைக்காரர்கள் இருவர் சேர்ந்து முறை வைத்து வண்டி அனுப்பினால் அந்த இரண்டாம் நடைச் செலவும் பாதியாகும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிச் சரக்கு ஓட்டத்துக்கு முன்பாக, சங்கத்தின் சார்பில் வண்டிச் சோதனை முகாம் நடத்த வேண்டும். நாசில் சோதனை, கம்ப்ரஷன், புகை அளவு, பிரேக் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் பார்த்துக் கொடுத்தால், தனித்தனியே அலைவதைவிடச் செலவு குறையும். நல்ல பம்பு மெக்கானிக் யார் என்பதும் உறுப்பினர்களுக்குத் தெரிந்துவிடும்.

பழைய வண்டி வைத்திருப்பது குறைவல்ல. முறையாகப் பார்த்துக்கொண்டால் அது இன்னும் பல தீபாவளிக்குச் சரக்கு ஏற்றும். அடுத்த முறை "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று டிரைவர் சொன்னால், பட்டறைக்கு அனுப்பும் முன் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள், ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அன்றைய பில்லை எடுத்து எடையைக் கூட்டிப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் குறை இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அப்போதும் அவரிடம் சொல்ல வேண்டியது, "பம்பை ஏத்தி வையுங்க" என்பதல்ல. "கம்பெனி அளவுக்குக் கொண்டு வாங்க" என்பதே.